ஐ.பி. போடலாமா என்று யோசித்த வருடம்

கடனைக் கட்ட வழியே இல்லை என்று ஆகிவிட்டால் நீதிமன்றத்தில் திவால் மனு கொடுக்கலாம் என்பது எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும். எங்கள் பெரம்பூர் பக்கம் ‘ஐ.பி. போட்டுட்டார்’ என்பார்கள். வயதானவர்கள் ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டான்’ என்பார்கள். ஆனால் போட்டால் என்ன ஆகும், எந்தக் கடன் போகும், எது நிற்கும், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு என்ன வரும் என்று கேட்டால் நேரான பதில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. எனக்கு வேலை போன பிறகு இந்தக் கேள்வியோடு நானும் என் கணவரும் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தோம். கடைசியில் நாங்கள் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதை முழுதாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் ஒருவருக்கு எங்கள் காரணங்கள் பொருந்தாமல் போகலாம், அப்போது அவர் போடுவதே சரியாகவும் இருக்கலாம்.

பெருங்குடியில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் டீம் லீடாக இருந்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக இன்சூரன்ஸ் க்ளெய்ம் அனுப்புவது, மறுக்கப்பட்டதைத் திரும்பத் திரும்பப் பேசி வாங்கிக் கொடுப்பது, இதுதான் வேலை. பெரிய கிளையன்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எங்கள் பிராசஸ் முழுவதையும் மூடிவிட்டார்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு ராஜினாமா மெயில் அனுப்பச் சொன்னார்கள், இரண்டு மாதச் சம்பளம் தந்தார்கள். கைக்கு 58,000 வந்துகொண்டிருந்தது நின்றது. கணவர் சவுக்கார்பேட்டையில் ஒரு பாத்திர மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார், 24,000 சம்பளம். வீட்டு வாடகை 14,000. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

கடன்களைச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் பர்சனல் லோன், பாக்கி 6,40,000. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் இருந்தபோது எடுத்தது. அது போதாமல் ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கியது 2,85,000. இரண்டு கிரெடிட் கார்டு, ஒன்றில் 1,90,000, மற்றதில் 1,35,000. வேலை போன பிறகு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு லோன் ஆப்பில் 48,000. நகைக்கடன் 3,20,000. ஐந்து லட்ச ரூபாய் சீட்டை முன்பே தள்ளி எடுத்துவிட்டோம், அதில் இன்னும் கட்ட வேண்டியது 2,10,000. சித்தியிடம் கைமாற்று 1,50,000. கூட்டினால் 19,78,000. அப்பா பிழைக்கவில்லை. ஆனால் அவருக்காகச் செலவழித்த பணத்தைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

இந்தத் தொகையை ஒரே தாளில் எழுதிப் பார்க்கவே எங்களுக்குப் பல மாதம் ஆனது. அதற்குள் கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி ஏறிக்கொண்டிருந்தது. தவணை தவறி 90 நாள் தாண்டியதும் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன். பேசும் ஆட்களும் மாறிவிட்டார்கள். அதுவரை கிளையிலிருந்து வந்த போன், பிறகு வசூல் ஏஜென்டுகளிடமிருந்து வந்தது. ஒருவர் கணவரின் கடை முதலாளிக்கே போன் செய்தார். இன்னொருவர் இரவு பத்து மணிக்கு, “போலீஸ் வரும், பொண்ணு முன்னாடியே கூட்டிட்டுப் போவாங்க” என்றார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஐ.பி. போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இந்தப் போன் நின்றால் போதும் என்று இருந்தது.

போனை நிறுத்த ஐ.பி. தேவையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, சுற்றியுள்ளவர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. அதே வருடம் செப்டம்பரில் வந்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி லோன் ஆப் நம் போனில் உள்ள எண்களை எடுக்கவே கூடாது. தேதி, நேரம், வந்த எண், பேசியது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம் என்பதையும் அதில் குறிப்பிட்டேன். உதவி எண் 14448. இரவுப் போன்கள் நின்றன. பகல் போன்கள் இன்றும் வருகின்றன, அவற்றுக்கு மரியாதையாகப் பதில் சொல்கிறேன்.

போன் நின்றதும் மூச்சு விட இடம் கிடைத்தது. அப்புறம்தான் ஐ.பி.யைப் பற்றிப் பயம் இல்லாமல் யோசிக்க முடிந்தது. கணவரின் பெரியப்பா மகன் நியூஜெர்சியில் இருக்கிறார். “இங்கெல்லாம் சாப்டர் 7 ஃபைல் பண்ணிட்டு சில மாசத்துல வெளிய வந்துடுவாங்க, நீங்க ஏன் இப்படிக் கஷ்டப்படறீங்க” என்றார். சாப்டர் 7 என்பது அமெரிக்காவில் போடும் திவால் மனு. நல்ல மனதோடுதான் சொன்னார். இங்கே அப்படி நடக்குமா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது என்று கணவரின் கடைக்கு வரும் ஒரு குமாஸ்தா சொன்னார். 15100 என்ற எண்ணில் கேட்டுவிட்டு, பாரிமுனை இறங்கி, உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே எங்களுக்குக் கிடைத்த வக்கீல் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கடன் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “இதுல யாராவது ஜாமீன் போட்டிருக்காங்களா?” இரண்டாவது, “உங்க பேர்ல, இல்ல உங்களுக்குப் பங்கு வர மாதிரி, சொத்து ஏதாவது இருக்கா?” இந்த இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் எங்கள் முடிவாக ஆகப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

2016-இல் புதிய திவால் சட்டம் வந்ததே, அதில்தானே போட வேண்டும் என்று கேட்டேன். இணையத்தில் அப்படித்தான் படித்திருந்தேன். கம்பெனிகளுக்கு அது நடைமுறையில் இருக்கிறது, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு 2019 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது, என்னைப் போல் சம்பளம் வாங்கிக் கடன் பட்டவர்களுக்கான பகுதி நடைமுறைக்கே வரவில்லை என்றார். சென்னை நகரத்துக்குள் வசிப்பவர்களுக்கு இன்றும் 1909-இல் வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட பிரசிடென்சி டவுன்ஸ் இன்சால்வென்சி சட்டம்தான். மனு உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். நகர எல்லைக்கு வெளியே, மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம், அங்குள்ள நீதிமன்றம். கடன் குறைந்தது 500 ரூபாய் இருந்தாலே கடன்பட்டவர் மனு போடலாம் என்று அந்தப் பழைய சட்டம் சொல்கிறது.

அந்தத் தொகையைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, வாசல் அகலமாகத்தான் இருக்கிறது என்று. வக்கீல் அம்மா கையமர்த்திவிட்டு மேலே சொன்னார். நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்த உடனே அவருடைய சொத்து முழுவதும் அஃபிஷியல் அசைனி என்ற அதிகாரியின் கைக்குப் போய்விடும். அறிவிப்பு அரசிதழில் வரும். கடன் கொடுத்தவர்கள் முன்னால் விசாரணை உண்டு, கணக்குப் புத்தகம், ரசீது எல்லாம் காட்ட வேண்டும். வீட்டுச் சாமானில் அவர்கள் தொடக் கூடாதது என்று ஒரு வரம்பு இருக்கிறது: தொழிற்கருவி, உடுக்கும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், மேசை நாற்காலி எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்பு வரை. 1909-இல் 300 ரூபாய்க்கு ஒரு குடும்பம் நடத்தும் சாமான் வாங்கியிருக்கலாம். இன்று எங்கள் வீட்டுக் குக்கர் ஒன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடும். அசைனி வந்து குக்கரைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார் என்று வக்கீல் அம்மாவே சொன்னார், ஆனால் சட்டத்தின் எழுத்து அதுதான்.

திவாலானவர் என்ற நிலையிலிருந்து விடுபட ‘டிஸ்சார்ஜ்’ உத்தரவு தனியாக வாங்க வேண்டும். அது தானாக வராது. பிணையில்லாத, அதாவது எதையும் அடகு வைக்காத, கடன்களில் ரூபாய்க்கு நாலணா அளவுக்காவது நம் சொத்து தேறவில்லை என்றால், அது நம் கையை மீறிய காரணத்தால் வந்தது என்று நீதிமன்றத்துக்குப் புரியவைக்க வேண்டும். இல்லையென்றால் முழு டிஸ்சார்ஜ் கிடைக்காது. அதுவரைக்கும் யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ‘நான் திவாலானவள்’ என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும், மறைத்தால் குற்றம். கம்பெனி டைரக்டர் ஆக முடியாது, தேர்தலில் நின்று எம்.எல்.ஏ. ஆக முடியாது. அதெல்லாம் எனக்கு வேண்டாம். ஆனால் தெருமுனை மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருக்கிறோம், அங்கே போய் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன்.

பதிலுக்குக் கிடைப்பதும் சிறியதில்லை. அறிவிப்பு வந்த பிறகு பட்டியலில் உள்ள கடன்காரர் யாரும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தனியாக வழக்குப் போட்டு என்னையோ என் சொத்தையோ துரத்த முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். சிறை என்ற பயத்தையும் அவர் அங்கேயே தீர்த்துவைத்தார். வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விஷயம். 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கையில் இல்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் தள்ளக் கூடாது, வைத்துக்கொண்டே கட்ட மறுப்பவருக்குத்தான் சிவில் சிறை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் மகளிடம் காட்டினேன். அந்த இரவுப் போன் அவள் மனதில் என்ன செய்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. செக் திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்கு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை திரும்பினாலும் அதற்கு ஈடான பிரிவு இன்னொரு சட்டத்தில் இருக்கிறது. நிதி நிறுவனத்தில் லோன் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட செக் கொடுத்திருந்தோம். திவால் மனு அந்த வழக்கை நிறுத்தாது. நகைக்கடனுக்கும் மனுவால் பயன் இல்லை, அடகு வைத்த பொருள் கையில் இருப்பவர் அதை விற்று எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சுவது மட்டும் அசைனிக்குப் போகும்.

இனி அந்த இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

திண்டிவனத்தில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. அவர் உயில் எழுதவில்லை. அவருடைய சொந்தச் சம்பாத்தியம் என்பதால் அம்மா, நான், தம்பி மூவருக்கும் சமபங்கு. பத்திரத்தில் பெயர் மாற்றவில்லை, பங்கு பிரிக்கவில்லை, அந்தப் பேச்சே வீட்டில் எழுந்ததில்லை. அம்மாவும் தம்பி குடும்பமும் அங்கே இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அதில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. இன்றைய விலைக்கு என் பங்கு 11 லட்சம் வரும். ஐ.பி. போட்டால் அந்தப் பங்கு அசைனி கைக்குப் போகும். அவர் அதை விற்றுத்தான் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும். அறுபத்தெட்டு வயது அம்மா இருக்கும் வீட்டில் முகம் தெரியாத ஒருவர் பங்குதாரராக வந்து பாகப்பிரிவினை வழக்குப் போடும் நிலை வரும், இல்லையென்றால் தம்பி எங்காவது 11 லட்சம் புரட்டி அந்தப் பங்கை வாங்க வேண்டும்.

தம்பியிடம் மறைக்காமல் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, “அக்கா, உன் பங்கை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துடு, அதுக்கப்புறம் ஐ.பி. போடு. நிலைமை சரியானதும் நான் திருப்பி எழுதித் தரேன்” என்றான். அவன் பங்கைப் பறிக்கப் பார்க்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மாவின் தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டும் என்று நினைத்தான். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. வக்கீல் அம்மா கேட்டதும் வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார். பணம் வாங்காமல் சொத்தை மாற்றிக் கொடுத்து, இரண்டு வருடத்துக்குள் திவால் அறிவிப்பு வந்தால் அந்தப் பத்திரம் அசைனியைக் கட்டுப்படுத்தாது. பத்திரமும் செல்லாது, வேண்டுமென்றே மறைத்தாள் என்ற கெட்ட பெயரும் விழும், டிஸ்சார்ஜுக்கும் தடையாகும். இந்த ஊரில் ஐ.பி. போடப்போகிறவர்களிடம் வெளி ஆட்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: சொத்தை மனைவி பெயருக்கு மாற்று, தம்பி பெயருக்கு மாற்று. யாராவது அப்படிச் சொன்னால் கேட்காதீர்கள். உங்களோடு அவர்களையும் நீதிமன்றத்தில் இழுத்துவிடும்.

அப்புறம் ஜாமீன். பதிவு செய்த சீட்டுக் கம்பெனியில் சீட்டை எடுக்கும்போது ஜாமீன் கேட்பார்கள், அரசு ஊழியர் என்றால் உடனே ஒப்புக்கொள்வார்கள். எனக்காகக் கையெழுத்துப் போட்டது பள்ளியில் என்னோடு படித்த தோழி. அயனாவரத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. சம்பளச் சான்றிதழைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் திவாலாகி எனக்கு டிஸ்சார்ஜ் கிடைத்தாலும் ஜாமீன் போட்டவருக்கு விடுதலை கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. சீட்டுக் கம்பெனி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதும் இல்லை, சீட்டுப் பதிவாளரிடம் போய் உத்தரவு வாங்கி அவள் சம்பளத்தில் பிடித்தம் போடலாம். அதாவது நான் ஐ.பி. போடும் நாளில் 2,10,000 ரூபாய் அப்படியே அவள் தலைக்கு மாறும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்கடன் வேறு இருக்கிறது.

சித்தி கொடுத்தது வேறு மாதிரி. சித்தப்பா இறந்து வந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. சித்தியை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைப் பட்டியலில் போடலாமா என்று கேட்டேன். முடியாது, எல்லாக் கடன்காரர்களையும் எழுத வேண்டும், சித்திக்கும் நோட்டீஸ் போகும் என்றார் வக்கீல். சரி, மனு போடுவதற்கு முன்னால் சித்தி பணத்தை மட்டும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதுவும் ஆகாது. மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்தால், அசைனி அதைத் திரும்பக் கேட்கலாம். சித்தியிடம் போய் ஒரு அதிகாரி அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இங்கேதான் எனக்கு விஷயம் தெளிவானது. ஐ.பி. போட்டால் கடன் கொடுத்த எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள், இருப்பதை விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது, யாருக்கும் கள்ளத்தனமாகச் சலுகை கிடைக்காது. ஆனால் எனக்குச் சித்தியும், தோழியும், கிரெடிட் கார்டு கம்பெனியும் ஒன்றல்ல. கார்டு கம்பெனி இவ்வளவு பேர் கட்ட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த வட்டி வாங்குகிறது. சித்தி அப்படி எந்தக் கணக்கும் போடவில்லை. யாருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை, மனு போடாமல் இருக்கும் வரைதான் என் கையில் இருக்கும்.

நானும் கணவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நகைக்கடன் தவிர்த்துப் பிணையில்லாதது 16,58,000. என் பங்கு 11 லட்சம் விற்றுப் பிரித்தால் ரூபாய்க்கு அறுபத்தாறு பைசா, அதிலும் செலவு போகும். சித்திக்கு எத்தனையோ வருடம் கழித்து ஒரு லட்சத்துக்கும் குறைவாகக் கிடைக்கும். அம்மாவின் வீடு ஆட்டம் காணும். தோழியின் சம்பளம் பிடிபடும். எனக்கு நேரடியாக லாபம் என்று பார்த்தால் வங்கி, நிதி நிறுவனம், கார்டுகள், ஆப் சேர்ந்த 12,98,000-இல் ஒரு பகுதி தள்ளுபடி. அந்த நிறுவனங்களிடம் பேசினாலே அதில் ஒரு பகுதி குறையும். இதற்காக ஐ.பி. வேண்டாம் என்று கணவர்தான் முதலில் சொன்னார். அதுவரை முடிவை என்னிடமே விட்டிருந்தார்.

போடாமல் இருந்தால் வீடு தப்பித்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஏதாவது ஒரு வங்கி வழக்குப் போட்டு டிக்ரி வாங்கினால் அதே திண்டிவனம் பங்கை ஜப்தி செய்யக் கேட்கலாம். அதனால் டிக்ரி வரை போக விடாமல் பேசி முடிக்க வேண்டும் என்ற அவசரம் இன்னும் இருக்கிறது. சில பேருக்கு நிலைமை வேறு. கணவரின் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு ஏஜென்ட், தொழில் நொடித்து, தனியாரிடம் வாங்கிய கடனில் மாட்டிக்கொண்டார். ஜாமீன் போட்டவர் யாரும் இல்லை, சொத்தும் இல்லை, ஆளுக்கொரு வழக்கு. அவர் ஐ.பி. போட்டார். போட்ட பிறகுதான் அவரால் வேலைக்குப் போக முடிந்தது. அவரைப் பற்றி இன்றும் சிலர் கேவலமாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சட்டம் கொடுத்த வாசல் வழியாகத்தான் போனார், யாரையும் ஏமாற்றவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயந்து ஐ.பி. போடாமல் உயிரை விட்ட குடும்பங்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அந்த மாதிரி எண்ணம் வருகிற இரவில் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

அப்புறம் நாங்கள் செய்தவை. பி.எஃப். பணத்தைக் கடன்காரர்கள் ஜப்தி செய்ய முடியாது, அந்தப் பணத்தைக் கொண்டு போய்க் கார்டுக்குக் கட்டாதீர்கள் என்று வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். லோன் வாங்கிய வங்கியிலேயே சேமிப்புக் கணக்கு இருந்தால் வரும் பணத்தை அவர்கள் லோனுக்கு நேர் செய்துகொள்ள முடியும் என்பதால், வேறு வங்கியில் கணக்கு தொடங்கி அதில் பி.எஃப். வாங்கினேன். வாடகையும் மகளின் கட்டணமும் அதில் ஓடின. நகை விலை நன்றாக ஏறியிருந்தது. தாலியைத் தவிர எல்லாவற்றையும் மீட்டு விற்றோம். நகைக்கடன் முடிந்து கையில் 2,80,000 நின்றது. ஆப் கடனை முழுதாகக் கட்டி, கடன் முடிந்ததற்கான சான்றிதழ் வாங்கினேன்.

முதல் கார்டு அதற்குள் 2,40,000 ஆகியிருந்தது. அதை மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தில் 1,05,000-க்குப் பேசி முடித்தோம், மூன்று தவணை. லோக் அதாலத்தில் எழுதிய உத்தரவு நீதிமன்ற டிக்ரிக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது, எனவே கட்ட முடிந்த தொகைக்குத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஏஜென்ட் வாய்மொழியாக 80,000-க்கு முடித்துத் தருகிறேன் என்றபோது நான் பணம் கொடுக்கவில்லை. வங்கியின் தலைப்புத் தாளில் தொகையும் தேதியும் எழுதிக் கொடுத்தால்தான் கொடுப்பேன் என்றேன், அவர் மறுபடி வரவில்லை. சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று வந்திருக்கிறது. இனி வீட்டுக்கடன் கேட்டால் தர மாட்டார்கள். பரவாயில்லை.

இப்போது கிண்டியில் ஒரு சிறிய பில்லிங் நிறுவனத்தில் 31,000-க்கு வேலை. பர்சனல் லோன் கொடுத்த வங்கி தவணைக் காலத்தை நீட்டி மாதம் 11,700 ஆக்கியது. அதற்குக் கிளை மேலாளரிடம் வேலை இழந்ததற்கான கடிதத்தையும் புதிய சம்பளச் சீட்டையும் சேர்த்து எழுத்தில் கொடுத்தேன். சீட்டு மாதம் தவறாமல் போகிறது, தள்ளுபடி கழித்து ஒன்பதாயிரம் சொச்சம், முதல் தேதியில் மற்ற எதற்கும் முன்னால் அதுதான். சித்திக்கு மாதம் 2,000 அனுப்புகிறேன், அவர் வேண்டாம் என்கிறார், நான் கேட்பதில்லை. இரண்டாவது கார்டு கேட்கும் தொகை எனக்குக் கட்டுப்படியாகவில்லை, பேச்சு நடக்கிறது. நிதி நிறுவனம் ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன்னால் தீர்க்கும் நோட்டீஸ், அனுப்பியிருக்கிறது. அப்படி ஒரு கவர் வந்தால் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள், பதில் போகவில்லை என்றால் ஒருதலையாக உத்தரவு வந்துவிடும். வக்கீல் அம்மா பதில் எழுதித் தந்தார், நகை விற்றதில் மிஞ்சியதை அந்தக் கடனுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். அங்கே பேச்சு முறிந்து, செக் வழக்கும் வந்து, வேலையும் மறுபடி போனால் ஐ.பி.யைப் பற்றித் திரும்ப யோசிப்போம். அப்போது சீட்டு முடிந்திருக்கும், தோழிக்குப் பாரம் இருக்காது.

நீங்கள் சட்ட உதவி கேட்டுப் போவதாக இருந்தால் ஆதார் நகலோடு, ஒவ்வொரு கடனுக்கும் ஸ்டேட்மென்டை அச்செடுத்துக்கொண்டு போங்கள், போனில் காட்டினால் போதாது. எந்தக் கடனுக்கு என்ன அடகு, யார் ஜாமீன், யாரிடம் செக் கொடுத்திருக்கிறோம், கடைசித் தவணை எப்போது கட்டினோம் என்று தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர் வழியில் வந்த வீடோ நிலமோ இருந்தால், பங்கு பிரிக்காமல் இருந்தாலும் சரி, அந்தப் பத்திர நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.